பதற்றமானவை

மேஜையில் விரித்த வட்ட வரைபடத்தில்
சிவப்புப் பொட்டு வைக்கிறார் இன்ஸ்பெக்டர் அமலதாஸ்.
பதினொன்று.
'பதற்றமான வாக்குச்சாவடிகள்' என்று
பட்டியல் தட்டச்சாகிறது.
சாவடிக்கு என்ன பதற்றம்?
அது ஒரு பள்ளிக்கூடம்.
சுவரில் கூட்டல் கணக்கு, வால் உதிர்ந்த அணில்,
முற்றத்தில் அடிபம்பு,
போன வாரம் பூசிய சாய்தளம்.

நூற்று நாற்பத்து மூன்று. மணக்கால்சேத்தி.
பள்ளி வடகரையில்.
தென்கரையில் இருநூற்றுப் பதினாறு வாக்குகள்.
மதகு ஏறி, கோயில் முக்கு திரும்பி,
பெரிய தெருவின் நீளம் முழுக்க
நடந்து வரவேண்டும் அவை.
வாக்குகள் என்றுதான் எழுதுவோம்.
கால்கள் என்று எழுதும் வழக்கமில்லை.

போன தடவை டிராக்டரில் வந்தார்கள்,
காலை ஏழுக்கு, ஒரே நடையாக.
ஓட்டிவந்த புஷ்பராசுவை
அந்தப் போகம் முழுக்க
யாரும் உழவுக்குக் கூப்பிடவில்லை.

நான் குறிப்பு வைத்தேன்:
இரு கரைக்கும் நடுவில் நெல் கொள்முதல் நிலையம்.
சிமெண்டுக் களம், கூரை, மின்சாரம் உண்டு.
சாவடியை அங்கே மாற்றலாம்.
ஆலோசனைக் கூட்டத்தில் எல்லாக் கட்சியும்
ஐந்தாண்டில் முதன்முறையாக ஒற்றுமையாய் இருந்தது.
"காலங்காலமா ஸ்கூல்லதான மேடம்."
தாசில்தார் டீ சொன்னார்.

ஏப்ரல்.
பொய் சொல்லாதவன் பெயர் வைத்த
அரிச்சந்திரா நதியில் மணல் மட்டும்.
துணை ராணுவத்தின் கொடி அணிவகுப்பு.
தார்ச்சாலையில் உளுந்து காயப்போட்டிருக்க
ஒடிசாக்காரப் பையன் ஒருவன்
அணி கலைந்து, மிதிக்காமல்,
ஓரமாய் நடந்தான்.
துப்பாக்கி மட்டும் நேராக இருந்தது.

ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு.
முகவர்கள் முன்னால் ஐம்பது ஓட்டு,
எல்லாச் சின்னத்துக்கும் பாரபட்சமின்றிப் போட்டு
எண்ணிக் காட்டி
அழித்தோம்.

ஏழு இருபதுக்கு மதகின் மேல் ஒரு குடை.
டிராக்டர் இல்லை.
செல்லபாப்பா, வரிசை எண் எண்ணூற்று ஒன்பது,
தனியாக.
தெருவில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள்
துப்பாமல் நின்றார்கள்.
ஏட்டு குணபாலன் ஒன்றும் செய்யவில்லை.
வாசலில் கிடந்த நாற்காலியைத் தூக்கிப்போய்
நடுத்தெருவில் போட்டார்,
உட்காராமல்
அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார்.
அவள் கடந்ததும்
இன்னும் பத்தடி நகர்த்தினார், பள்ளியை நோக்கி.

மை வைத்த கணக்கு வாத்தியாருக்குக் கை ஆடி
நகம் தாண்டிக் கணுவரை வழிந்தது.
அவள் வெளியே வந்தபோது
சுவரில் சாய்த்த குடை ஒடிந்து கிடந்தது.
மடக்க வராததை மடக்கி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வந்த தெருவிலேயே திரும்பிப் போனாள்.
குணபாலன் பாக்கெட் நோட்டில் எழுதினார்:
குடை ஒன்று. கறுப்பு. கம்பி மூன்று.

அதன் பிறகு இரண்டு பேர்.
பிறகு கைக்குழந்தையோடு ஒரு குடும்பம்.
பிறகு நான் எண்ணவில்லை.

இரண்டு மணிக்கொரு தரம் சதவீதம் கேட்பார்கள்.
பக்கத்தில் 'நிலைமை' என்று ஒரு கட்டம்.
ஒன்பது மணி: அமைதி.
பதினொன்று: அமைதி.
ஒன்று, மூன்று, ஐந்து: மேற்படி.
குடைக்குக் கட்டம் இல்லை.

நள்ளிரவு தாண்டி,
பொறியியல் கல்லூரி வாசலில்
பெட்டிகளோடு லாரி வரிசை.
யாரோ பொட்டலம் கொடுத்தார்கள்,
தயிர்சாதம், பிளந்த ஊறுகாய்ப் பை.
பிரித்த விரல்களைப் பார்த்தேன்.
எனக்கும் மை இல்லை, குணபாலனுக்கும் இல்லை.
அவர் தபால் ஓட்டு
பழைய ஸ்டேஷன் முகவரிக்குப் போய்விட்டதாம்.
"என்னோடது கைப்பையிலேயே இருக்கு" என்றேன்.
இரண்டு பேரும் சிரித்தோம்,
கொஞ்சம் அதிகமாகவே.

ஆகஸ்டில், ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு,
என் குறிப்புக்குப் பதில் வந்தது.
மேற்படி சாவடியில் வாக்குப்பதிவு நாள் முழுவதும்
அமைதி நிலவியதாகத் தெரியவருவதால்
இடமாற்றம் அவசியமில்லை எனத்
தெரிவிக்கப்படுகிறது.

தலைப்பில், 'பார்வை' என்ற இடத்தில்,
என் அறிக்கை.
என் கையெழுத்து.