குளிர்ந்த எஞ்சின்

முதலில் ஃபேரிங் இடுக்கில் கை நுழைத்துப்
பார்த்தேன். சூடு.
நான் வருமுன்பே ஓட்டி, துடைத்து,
தரையில் சொட்டிய எண்ணெய் மேல் மணல் தூவி
தயாராக வைத்திருந்தார் துளசிராம்.
"இப்பதாண்ணே... இப்பதாம்மா,
பெட்ரோல் போட்டுட்டு வந்தேன்" என்றார்.
ஆள் மாறி வந்துவிட்டதில் அவருக்குத் தடுமாற்றம்.
ஃபோனில் என் குரல் கட்டைதான்.

முனிச்சாலைக்குப் பின்னால்
இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால்
ஒன்று யார் வீட்டு வாசலிலாவது ஏறியாக வேண்டிய சந்து.
அதில் நீல நிற ஆர் ஒன் ஃபைவ்.
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மாடல், மூன்றாவது கை.
நான் வாங்கினால் நான்காவது.
இடப்பக்கம் பதின்மூன்று வருடத்து வெயில்.
வலப்பக்கம் மட்டும் புத்தம்புதுசு.
எந்தப் பக்கம் விழுந்தது என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஃபோர்க்குல கசிவு இருக்கா பாருங்கக்கா,
செயினைத் தூக்கிப் பாருங்க,
ஆர்சியில ஃபைனான்ஸ்காரன் பேரு இருந்தா
திரும்பிக்கூடப் பாக்காம வந்துருங்க" என்றிருந்தான்
மெக்கானிக் சிக்கந்தர்.
எல்லாம் பார்த்தேன்.
எஞ்சினைத் தொட்டுப் பார்க்க மட்டும்
எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.
பெண் பார்க்க நாலரைக்கு ஆள் வருகிறதென்றால்
காலை பத்துக்கே என்னைக் கிளப்பிவிடுவார்கள் வீட்டில்.
அவர்கள் நுழையும்போது
நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

கோரிப்பாளையம் லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு.
வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான் என்று
நாளுக்கு அறுபது பேரிடம் சொல்கிறேன்.
துளசிராம் மேல் எப்படிக் கோபம் வரும்?

ஸ்கூட்டியையும் லேப் அடையாள அட்டையையும்
அடமானமாய் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.
நின்றால் கால் எட்டவில்லை, பெருவிரல் மட்டும்.
காமராசர் சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும்
பரதம் ஆடினேன்.
மணிக்கட்டு வலித்தது. எனக்குத்தானே எறும்பு.
தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி
விரகனூர்ப் பக்கம் திருப்பினேன்.
ஏழாயிரம் தாண்டியதும்
அதன் குரல் மாறியது.
ஹெல்மெட்டுக்குள் நானும் ஏதோ சொன்னேன்.
என்னவென்று எழுத மாட்டேன்.

திரும்பும்போது கணக்கு.
கேட்பது ஐம்பத்திரண்டு. சீட்டு எடுத்தது நாற்பத்தைந்து.
முன் டயர் மொட்டை, இன்சூரன்ஸ் செத்து ஆறு மாசம்.
இன்னும் ஒன்றரை வருடத்தில் எஃப்சிக்கு நிற்க வேண்டும்,
பார்ட்ஸ் கேட்டால் சிம்மக்கல் கடைக்காரர்
சிரிப்பார் அல்லது விலை சொல்வார்.
"அந்தக் காசுக்கு அரைப் பவுன் எடுத்து வையி,
அது எங்கயும் போகாது" என்றாள் அக்கா.
அது எங்கேயும் போகாது என்பதுதானே பிரச்சினை.

"இன்னிக்கு வேணாம்" என்றேன் அவரிடம்.
"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வர்றேன்.
அதுவரைக்கும் சாவியில கை வைக்காதீங்க."
ஒரு நொடி என்னைப் பார்த்தார்.
பிறகு சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அஞ்சரை.
கார்ப்பரேஷன் குழாயில் குடங்கள் வரிசை,
பால் பாக்கெட் போடுகிறவர் என்னை ஒதுங்கச் சொன்னார்.
கை வைத்தேன்.
ராத்திரி முழுக்கத் தனியாய் நின்ற இரும்பு,
கிணற்றுச் சுவர் போலச் சில்லிட்டிருந்தது.
முதல் அழுத்தலுக்கு டிக் என்றது, அவ்வளவுதான்.
இரண்டாவதற்கு இருமல்.
துளசிராம் வண்டியைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தார்.
பேட்டரி அப்படித்தான், பனி அப்படித்தான் என்று
எதுவும் சொல்லவில்லை.
மூன்றாவதில்
மொத்தச் சந்தும் விழித்துக்கொண்டது.
யாரோ ஜன்னலை அறைந்து சாத்தினார்கள்.
வெள்ளைப் புகை குடங்களின் மேலாய்ப் போய்
திருப்பத்தில் கலைந்தது.

கொஞ்ச நேரம் அது தானாக ஓடட்டும் என்று விட்டேன்.
நடுங்கியது, நின்றுவிடப் பார்த்தது,
நிற்கவில்லை.

"நாப்பத்திரண்டு" என்றேன்,
என் கட்டைக் குரலில்.