ஒன்றும் நடக்காத நாட்கள்

என் வேலை, எலிகள் தூங்குவதைப் பார்ப்பது.
பதினாறு மடங்கு வேகத்தில்.
பன்னிரண்டு மணி நேர இரவு
முக்கால் மணியில் தீர்ந்துவிடும்:
கொறிக்கும், நக்கும், சுருளும்,
மரத்தூளைக் கிளறும், மறுபடி சுருளும்.
வால் விறைத்தால் நிறுத்த வேண்டும்.
பின்னே ஓட்டி, மெதுவாக்கி,
எத்தனை விநாடி, எந்தக் கால், சாய்ந்ததா இல்லையா
எழுத வேண்டும்.

குவோப்பியோவில் நவம்பர்.
நாலு மணிக்கெல்லாம் ஏரி இருந்த இடம் தெரிவதில்லை.
எனக்கென்ன,
அகச்சிவப்பு வெளிச்சத்தில் எல்லா மணியும்
ஒரே சாம்பல்.

மண்டையில் ஓர் அடி. அளந்த அடி.
மயக்கம் கொடுத்து, அழுத்தமானியில் முள் பார்த்து
செப்போ கொடுப்பார். அன்றைக்கு மட்டும்
மதியச் சாப்பாட்டுக்கு வரமாட்டார்.
பிறகு எலி எழும். தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும்.
பிறகு மாதக்கணக்கில்
ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லைதான் எங்களுக்கு வேண்டியது.
வலிப்பு வந்தபின் பார்க்க ஆளுண்டு, மாத்திரையுண்டு.
வருமுன்,
நெல்லிக்காயளவு மூளைக்குள்
எந்தக் காவல் அணு வேலையை விட்டுப் போகிறது,
எந்த நரம்பிழை திசை மறந்து வளைந்து
தன்னோடு தானே பேசத் தொடங்குகிறது
என்று கேட்கிறாள் ஐனிக்கி.
பலகையில் அவள் இழுத்த நேர்கோட்டின் நடுவே
ஒரு கேள்விக்குறி. துடைப்பவர்கள்
அதைச் சுற்றித் துடைக்கிறார்கள்.

பாதி எலிகளுக்கு வரும்.
பாதிக்கு வராது.
ஒரே அடி, ஒரே தீனி. ஏனென்று தெரியாது.

மார்ச்சில் ரைமோ
படகுக் கொட்டகைக் கூரையேறிப் பனி தள்ளும்போது
வழுக்கினான்.
மண்டையில் ஓர் அடி. யாரும் அளக்காத அடி.
ஸ்கேனில் தீக்குச்சித் தலையளவு வெள்ளை.
"வரலாம். வராமலும் போகலாம்.
கார் ஓட்ட வேண்டாம், பார்ப்போம்" என்றார் மருத்துவர்.
பார்ப்பதுதான் என் பிழைப்பு என்று
அவரிடம் சொல்லவில்லை.

இருநூறு நாளுக்கு மேல் பார்த்துவிட்டேன்.
கரண்டி நழுவினால் பார்க்கிறேன்.
சொல் கிடைக்காமல் அவன் வாய் திறந்து நின்றால்
பார்க்கிறேன்.
தூக்கத்தில் அவன் கால் உதறியதற்கு
விளக்கைப் போட்டேன்; திட்டினான்.
எல்லோரும் உதறுவார்கள், நீயும்தான் உதறுகிறாய் என்றான்.
உண்மையாக இருக்கலாம். என்னை யார் பார்த்தார்கள்?

பதினான்காம் எலிக்கு வரவேயில்லை.
வராதவற்றின் பட்டியலில் முதல் பெயர் அதுதான்,
பெயரென்று எண்ணைச் சொல்வதாக இருந்தால்.
விதிக்கு மாறாக ஒருமுறை
சூரியகாந்தி விதை கொடுத்திருக்கிறேன்.
இரண்டு கையாலும் வாங்கியது.
நாளை அதன் மூளையை
மயிரிழை மெல்லிசாகச் சீவுவார்கள்.
வராத மூளை எப்படி இருக்கும் என்று பார்க்க.

அதற்குமுன் கடைசியாக ஒரு தடவை ஓட்டினேன்.
நூற்று மூன்றாம் இரவு.
அன்று தலைக்கம்பி கழன்றிருந்தது,
கணினிக்கு எதுவும் தெரியாது.
நான்கு பன்னிரண்டு.
வேகமாக ஓட்டினால் ஒரு சொடுக்கு, அவ்வளவே.
மெதுவாக ஓட்டினால்
வால் எழுகிறது,
தாடை எதையோ மெல்கிறது, மெல்ல எதுவுமில்லை,
முன்னங்கால்கள் இல்லாத கதவைத் தட்டுகின்றன.
பதினொரு விநாடி.
பிறகு அது முகம் கழுவிக்கொண்டு படுத்தது.

அறையில் நான் மட்டும்.
சுண்டெலி அசைத்தால் அழிந்துவிடும் ஒரு வரி.
எழுதினேன்:
14. இரவு 103. 04:12. பதினொன்று.
எழுதிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொள்ளாமல்
வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

வீட்டில் ரைமோ அடுப்பின்முன் குந்தியிருந்தான்,
ஒரு கையில் பூர்ச்சப்பட்டை,
மறு கையில் உரசாத குச்சி.
கை
அப்படியே நின்றது.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு என்று எண்ணுவதற்குள் உரசினான்.
யோசனையா, அதுவா?
பின்னே ஓட்ட விசையில்லை.

"என்ன?" என்றான் திரும்பாமலே.
"ஒன்றுமில்லை."

பட்டையின் ஓரம் சுருண்டது.
வெகுநேரம் புகை மட்டும்.