மனப்பாடம்

திரப்சோன் துறைமுகத்தில் நெத்திலி இறங்கும் மாதம்.
மூன்றாம் மாடி ஆய்வகம்வரை ஏறி வரும் வாடை
மைனஸ் எண்பது பெட்டியைத் திறக்கும்போதுதான்
கொஞ்சம் பின்வாங்குகிறது.

குழாய் எண் நாற்பத்தொன்று.
யாகுப் கல்யோன்ஜு, வயது முப்பத்தாறு, படகு வேலை.
வலது கண்ணின் முன்னறையிலிருந்து
நூறு மைக்ரோலிட்டர் நீர்.
அழுதிருந்தால் இதைவிட அதிகம் கொடுத்திருப்பான்.

செப்டம்பரில் அறுந்த கம்பிவடம்
இடது கண்ணில் அடித்தது.
தைத்தார்கள். தேறவில்லை.
"ஒன்று போனால் என்ன, ஒன்று இருக்கிறதே"
என்று தேநீர்க்கடையில் மைத்துனன் சொன்னானாம்.
ஒன்பதாவது வாரம்
அடிபடாத கண் சிவந்தது.

கம்பி தொடாத கண்ணை யார் தொட்டது?

இருபத்திரண்டு வருடமாய்
இந்தக் கேள்விக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அவனிடம் இப்படிச் சொன்னேன்:
கண் ஒரு பூட்டிய வீடு, யாகுப்.
உன் ரத்தத்தின் காவலர்களுக்கு அந்த முகவரி தெரியாது.
உள்ளே என்ன நிறம், என்ன தட்டுமுட்டு,
ஒருவரும் பார்த்ததில்லை.
கம்பி கதவை உடைத்த அன்று எட்டிப் பார்த்தார்கள்.
அந்நியன் என்று குறித்துக்கொண்டார்கள்.
பிறகு, அதே சாயலில் இன்னொரு வீடு...
"மூக்குக்கு அந்தப் பக்கம்," என்றான்.
ஆமாம். மூக்குக்கு அந்தப் பக்கம்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது
ஓரவஞ்சனைக்காரர்களின் வழக்கம்.
உடம்புக்கு ஓரவஞ்சனை கிடையாது.
இரண்டிலும் சுண்ணாம்பு.

ஸ்லிட் லேம்ப் வெளிச்சத்தில்
கருவிழியின் உட்புறம் ஒட்டியிருந்த மங்கல் திட்டுகளுக்குப்
பாடப்புத்தகத்தில் ஆட்டுக்கொழுப்பு என்று பெயர்.
பெயர் வைத்தவர் பசியோடு இருந்திருக்க வேண்டும்.

அன்றிரவு அவன் செல்களை
லேசர் முன்னால் ஒவ்வொன்றாய் நடத்தினேன்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு.
வரைபடத்தை நம்ப இருபதாயிரமாவது வேண்டும்.
திரையில் பச்சைப் புள்ளிகள்,
கரையிலிருந்து பார்க்கும் இரவுப் படகுகள் மாதிரி
அங்கொன்று இங்கொன்று.
"மேல் மூலையில் கூட்டமாய்த் தெரியவில்லை?" என்றார்
பக்கத்து மேசை தைலான்.
எனக்கும் தெரிந்தது.
அதுதான் பயம்.

போதாது, மீண்டும், என்று நோட்டில் எழுதினேன்.
மீண்டும் என்றால் இன்னொரு ஊசி.
இருக்கிற ஒரே கண்ணில்.
எழுதியதோடு சரி. கேட்கவில்லை.

டிசம்பரில் ஸ்டீராய்டில் முகம் ஊதி வந்தான்.
பார்வைப் பலகையைக் கடகடவென்று படித்தான்,
கடைசிக்கு முந்தின வரிவரை, மூச்சு விடாமல்.
நர்ஸ் ஹாஜெர் என்னைப் பார்த்தாள்.
பலகையை நான் திங்கட்கிழமையே மாற்றியிருந்தேன்.

அவன் படித்தது பழையதை.

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து
உள்ளே மற்றவர்கள் படிப்பதைக் கேட்டுக் கேட்டுக்
காதால் பிடித்திருக்கிறான்.
"படகில் ஏறச் சான்று கேட்கிறார்கள், டாக்டர்,"
என்றான், இல்லாத எழுத்துகளின் பக்கமே
முகத்தை வைத்துக்கொண்டு.

திட்ட வாய் வரவில்லை.
ஒருமுறை கற்றதை, எதிரே இருப்பது எதுவென்று பாராமல்
ஒப்பித்துக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டம்
அவன் நிணநீர் முடிச்சுகளில் குடியிருக்கிறது.
அவர்களைத்தான் நான் இத்தனை வருடமாய்
குழாய் குழாயாய்த் தேடுகிறேன்.

"மறக்க வைக்க முடியாதா அவர்களை?"
"முடியாது. தூங்க வைக்கலாம்.
இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, வயிற்றில்."
"அது போதும். தூங்குகிறவனை
நாங்கள் படகில் எழுப்ப மாட்டோம்."

பிறகு புதுப் பலகையைப் படித்தான்.
முதல் வரி. இரண்டாம் வரி, தயங்கி.
மூன்றாவதில் பாதி.
"அடுத்தது?"
"கோடு மாதிரி ஏதோ."
கோப்பில் அப்படியே எழுதினேன்: கோடு மாதிரி ஏதோ.
இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த
நம்பகமான தரவு அது ஒன்றுதான்.

எழுந்தவன் வாசலில் நின்றான்.
"நீர் இன்னும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.
உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது."

அந்தத் தூரத்திலிருந்து அவனுக்கு
என் முகம் தெரிய வாய்ப்பில்லை.

குழாய் எண் நாற்பத்திரண்டு
மேசைமேல் இருக்கிறது.
பெயர் இன்னும் எழுதவில்லை.