சதுர டயர்கள்

மைனஸ் நாற்பது.
ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும்
கைகுலுக்கிக்கொள்ளும் ஒரே எண்.
அந்த மாதிரி விடிகாலைகளில்
சஸ்காட்செவனில் டயர்கள் சதுரமாகிவிடும்.

நம்பாதவர்களுக்காகச் சொல்கிறேன்.
அப்போதெல்லாம் நைலான் டயர்.
இரவு முழுக்க ஒரே இடத்தில் நின்றால்
தரையைத் தொட்ட பாகம் சப்பையாகி
அப்படியே விறைத்துக்கொள்ளும்,
ஒருக்களித்துத் தூங்கியவன் கன்னம் போல.
காலையில் கிளப்பினால்
தடக் தடக் தடக் தடக்.
நாலு சக்கரமும் நாலு தாளத்தில்.

என் வண்டி அறுபத்தாறாம் வருஷத்து போன்டியாக்.
அண்ணன் வாஸில் பணமாகத் தரவேண்டிய கடனுக்கு
என் தலையில் கட்டியது.
பச்சை நிறம். என்ன பச்சை என்றால்
ஆஸ்பத்திரிச் சுவர்ப் பச்சை.
ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டைத் துண்டு,
டிக்கியில் இரண்டு மணல்மூட்டை,
மூக்கிலிருந்து தொங்கும் மின்சார வயர்.
ராத்திரி எஞ்சின் உறையாமல் இருக்க அது.
பிடுங்க மறந்து இரண்டு தடவை
சுவரிலிருந்த பிளக்கையும் கூடவே இழுத்துப் போயிருக்கிறேன்.

தபால்பெட்டிகள் பக்கத்தில் நிற்பாள் எல்ஃப்ரீடா டிக்.
ஏறிக் கதவை இருமுறை சாத்துவாள்.
ஒருமுறைக்கு மசியாத கதவு.
சீட் பலகையாக இறுகியிருக்கும்.
கண்ணாடியின் உள்பக்கப் பனியை
அவள் நகத்தால் சுரண்டி
எனக்கொரு ரூபாய்க்காசு அளவு வழி செய்துதருவாள்.

பிறகு ஆறு மைலுக்குப் பேச்சில்லை.
பேசினால் நாக்கு கடிபடும்.
சிவப்புத் தானியக் கோபுரம் கண்ணில் படும்போது
ரப்பர் இளகத் தொடங்கும்,
தான் வட்டம் என்பது அதற்கு ஞாபகம் வரும்.
சத்தம் தேய்ந்து தேய்ந்து
எப்போது நின்றதென்றே தெரியாது.
அப்போதுதான் யாராவது ஒருத்தி “குட் மார்னிங்” என்பாள்.
மற்றவள் சிரிப்பாள்.
அங்கிருந்து யார்க்டன் வரை வாய் மூடாது:
சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரியின் நடை,
சூப் ஆறிப்போகும்வரை நீளும் அவள் அப்பாவின் ஜெபம்,
போர்வை மடிப்பில் கிடைத்த யாருடையதோ பல்செட்.

எழுபதாம் வருஷம், பிப்ரவரி, ஒரு வியாழன்.
மூன்றாவது மைலில் அவள் ஏதோ சொன்னாள்.
வாயிலிருந்து புகை வந்ததைப் பார்த்தேன்.
வார்த்தைகளை டயர்கள் நறுக்கிப் போட்டன.
என்ன, என்றேன். தடக்.
மறுபடி சொன்னாள், ரோட்டைப் பார்த்தபடி.
“ஏப்ரல்” என்று ஒரு துண்டு,
“நீயும்” என்று ஒரு துண்டு.
மிச்சம் வண்டிக்கு அடியில் போய்விட்டது.

கோபுரம் வந்தது. தாளம் நின்றது.
என்னமோ சொன்னாயே?
“ஹீட்டர் சரியில்லை என்றேன்.”
ஹீட்டர் என் முழங்காலைச் சுட்டுக்கொண்டிருந்தது.
மெட்ரோ கோஸக்கிடம் காட்டுகிறேன், என்றேன்.

காட்டவும் செய்தேன்.
அவன் கையை வைத்துப் பார்த்து
என்னை ஒரு மாதிரிப் பார்த்து
நாலு டயருக்கும் காற்றடித்துவிட்டுக்
காசு வேண்டாமென்றான்.

ஏப்ரலில் அவள் வான்கூவர் போனாள்.
ஒரே ஒரு அஞ்சலட்டை.
மழை, வாடகை, மழை.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
“இங்கே டயர்கள் நாள் முழுக்க வட்டம்.”

போன்டியாக் துருப்பிடித்துச் செத்தது.
டயர்களில் மூன்று வாஸிலின் கன்றுத் தொழுவத்தில்,
ஒன்றுக்கு வெள்ளையடித்துப் பெட்டூனியா நட்டேன்.
ஸ்டெப்னி மட்டும் ஷெட்டில் இருக்கிறது.
ஒருநாளும் ரோட்டைத் தொடாதது.
புது ரப்பரின் மெல்லிய மயிர்கள்கூட
இன்னும் அதில் உதிரவில்லை.

இப்போதைய கார் தன் டயர்க் காற்றைத்
தானே எண்ணிச் சொல்கிறது.
எந்தக் குளிரிலும் வழுக்கிக்கொண்டு கிளம்புகிறது.
பக்கத்து சீட்டில் ஒருவர் முணுமுணுத்தாலும் கேட்கும்.
ஆனாலும் முதல் ஆறு மைல்
ரேடியோ போடுவதில்லை,
வேகமும் எடுப்பதில்லை.
பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடிப்பான்.
அடிக்கட்டும்.

கோபுரத்தை இடித்து வருஷமாகிறது.
சிமென்ட் மேடை மட்டும் பனிக்குள்.
அது வந்ததும் வாயைத் திறக்கிறேன்,
ஒன்றும் வராமல்
ஹீட்டரைக் கொஞ்சம் குறைக்கிறேன்.