வெளிச்சத்தைக் குறை

இக்கேஜாவில் மதியம் இரண்டு மணி.
கரண்ட் போனது. கடைவாசல்தோறும்
ஜெனரேட்டர்கள் இருமத் தொடங்கின.
கேமராப் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு
மொரெனிகே உள்ளே வந்தாள்.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்:
முப்பத்திரண்டு ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு,
இரட்டை விசிறி, ஒரு டெராபைட்,
எவ்வளவு பெரிய வீடியோவும் வெண்ணெயாய் வழுக்கும் மேடம்.
முதலாளி ஒபியோரா மனப்பாடம் செய்யவைத்தது.
அர்த்தம் பாதி தெரியும்,
விலை முழுதும் தெரியும்.

"திரையின் வெளிச்சத்தைக் குறை" என்றாள்.

அப்படி யாரும் கேட்டதில்லை.
எங்கள் திரைகள் எப்போதும் உச்சத்தில் இருக்கும்,
பஞ்சவர்ணக் கிளிகளும் நீர்வீழ்ச்சிகளும்
தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டு.
குறைத்தேன்.
கிளிகள் கொஞ்சம் களைத்துப்போயின.

"போன மாதம் அபெயோகூட்டாவில் ஒரு கல்யாணம்.
பெண் நல்ல கருப்பு,
கழுவிவைத்த கத்தரிக்காயின் மினுக்கம்.
என் பழைய லேப்டாப்பில்
அவள் முகம் ஒரு குழியாகத் தெரிந்தது.
ஏற்றினேன். இன்னும் கொஞ்சம்.
இன்னும் கொஞ்சம்.
அவர்கள் வீட்டுப் பெரிய டிவியில்
குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்த்தது:
சாம்பல் பூசிய யாரோ ஒருத்தி
அவளுடைய தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு ஆடினாள்.
அவள்மேல் வீசிய நோட்டுகள் மட்டும்
சரியான நிறத்தில் பறந்தன."

பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாளாம்.
பெண் திட்டவில்லையாம். கேட்டது ஒன்றுதான்:
நான் இப்படி இருந்திருந்தால்
உனக்கு வசதியாக இருந்திருக்குமோ?

இதற்கு நான் என்ன சொல்வது,
மவுஸ் இலவசம் என்றா?

"அந்தக் கதவோரம் போய் நில்."
நின்றேன். பாதி முகத்தில் தெரு,
மீதி முகத்தில் கடை.
ஒரே ஒரு சொடுக்கு.
கார்டை உருவி மூன்று மெஷினிலும் என்னை ஏற்றினாள்.

முதலாவது, இருப்பதிலேயே விலை கூடியது,
விரல் தடிமன், வெள்ளி நிறம்:
அதில் நான் பல்லும் சட்டையும் மட்டும்.
இரண்டாவதில்
பாமாயிலில் பொரித்து எடுத்திருந்தார்கள்.

மூன்றாவது மூலையில் கிடந்த தடியன்.
செகண்ட்ஹேண்ட். மூடியில் ஒரு பள்ளம்.
ஏதோ டச்சுக் கம்பெனியின் ஸ்டிக்கர்
பாதி கிழிந்து பாதி விடாப்பிடியாக.
சார்ஜரைத் தூக்கி எறிந்தால் ஆள் சாவான்.
அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி திரையை,
அளவு சரிபார்க்கும் தையற்காரி மாதிரி.
விரல் ஓரிடத்தில் நின்றது.
"புருவத்துக்கு மேலே இது என்ன?"

"டான்ஃபோ பஸ்ஸின் கதவு. ஒன்பது வயசு."
நானே மறந்துவிட்ட தழும்பு.
இருட்டுக்குள் இன்னொரு இருட்டாக, அங்கேயே இருந்தது.

பிறகு மூன்று நிமிட வீடியோவை ஓடவிட்டாள்.
விசிறி எழுந்து
வாசல் ஜெனரேட்டரோடு சண்டைக்குப் போனது.
எழுபது சதவீதம், எண்பது,
தொண்ணூற்று நாலில் மூச்சுப் பிடித்து நின்று
முடித்தது.

"பேட்டரி நாற்பது நிமிஷம்தான் தாங்கும்" என்றேன்.
ஏன் சொன்னேன்? யாரிடமும் சொல்வதில்லை.
"ஜெனரேட்டர் இருக்கிறது" என்றாள்,
"பெட்ரோல்தான் இல்லை."

ஒபியோரா பதினோரு லட்சம் நைரா என்றார்.
அவள் சிரித்தாள். எட்டு என்றாள்.
அவர் தன் நான்கு பிள்ளைகளையும்
ஒவ்வொருவராகப் பேரத்துக்குள் அழைத்து வந்தார்.
அவள் பெட்ரோல் விலையை அழைத்து வந்தாள்.
ஒன்பதே முக்காலில் கை குலுக்கினார்கள்.
மவுஸுக்கு அவளே காசு கொடுத்தாள்.

போகும்போது என் படத்தை
இரண்டு மெஷினிலிருந்தும் அழித்தாள்.
மூன்றாவதில் இருக்கட்டும் என்றேன்.
சரி, டெஸ்டுக்கு ஆகும் என்றாள்.

"வெளிச்சத்தை ஏத்துடா, ஆள் வராங்க!"
முதலாளி உள்ளிருந்து கத்தினார்.

ஏற்றினேன், இரண்டிலும்.
கிளிகள் பழைய குரலுக்குத் திரும்பின.
மூலையில் தூசி நடுவே
தூசியில்லாத ஒரு நீள்சதுரம்.