ஐந்தில் ஒன்று

முழுக்கப்பல் ஒருநாள் போடன் ஏரியிலிருந்து எழும்பி
நியூயார்க்கில் தண்ணீர் தொடும் என்றார்கள்.
உணவறை, படுக்கைகள், உள்ளேயே ஒரு மாடிப்படி.
நாங்கள் செய்தது அதில் ஐந்தில் ஒன்று.
எஞ்சின் கிடையாது.
மாடிப்படி வரவேண்டிய இடத்தில்
முழங்காலை மடக்கி கெப்ஹார்ட் நேகெலே உட்கார்ந்தான்.
குள்ளன் என்பதால்தான் அவனுக்கு அந்த வேலை.

என் வேலை பசை.
பாலைத் திரித்து, உலர்த்தி, பொடித்து வரும்;
சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்தால்
இறுகுவதற்குள் பூசிவிட வேண்டும்.
ஊரில் பாலுக்கு ரேஷன் அட்டை.
இறக்கையிடம் யாரும் அட்டை கேட்கவில்லை.
வீடு திரும்பியதும் மெக்டில்ட்
என் விரலை முகர்வாள்.
நக்காதே என்பேன்.

அடிவயிறு முழுக்கப் படகு:
கூரான அடிமரம், நடுவே ஒரு படிவெட்டு,
அலை பிடித்து இழுத்தால் உதறிவிட்டு எழ.
இறங்கியதென்னவோ புல்தரையில்,
மாடுகளை ஓட்டிவிட்ட பிறகு.

"மரத்தைச் சுருக்கலாம்" என்றார் ஷ்டாய்டல்,
"எடையைச் சுருக்கலாம்.
காற்றுக்கு மட்டும் ஒரே அளவுதான்."
பிறகு எண்களை
நம்பாமலே நோட்டில் ஏற்றினார்.

பெயின்ட் அடிக்க வந்த பையன்
மூன்றாம் சன்னலில்
தொப்பி வைத்த ஒரு பெண்ணை வரைந்திருந்தான்.
கட்டைவிரல் நகத்தளவு முகம்.
"சுரண்டு. பயணிகள் அப்புறம்."

பதினோராவது முறை இறங்கியதும் கெப்ஹார்ட்
தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னான்:
இடப்பக்கம் முரண்டுபிடிக்கிறது,
வாலை ஒரு சாண் உயர்த்துங்கள்.
எங்களுக்கு ஒரு சாண்.
ஏரிக்கரையில் வரைபடத்தை விரித்து
ஐந்து சாண் உயர்த்தினார்கள்.

அந்த வாரமே கடிதம் வந்தது.
அலுமினியம் எல்லாம் குண்டு போடுகிறவற்றுக்கு.
ஆக, இல்லாத கப்பல் ஒன்றின் வால்
இப்போது சரியாக இருக்கிறது.

கெப்ஹார்ட் கிழக்கே போனான்.
அவனைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

களஞ்சியத்தில் ஓடு உடைந்து
மழை நேராக அதன் வயிற்றுக்குள் விழுந்திருந்தது.
மார்ச் மாதம் போய்ப் பார்த்தேன்:
உள்ளே முழங்கால் அளவு தண்ணீர்,
வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை.
படகுதான், உள்வெளி மாறிய படகு.

அடுத்த வாரம் பசை இளகிவிட்டது.
கதவைத் திறந்தால்
புளித்த பால் வாடை.
மெக்டில்ட் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.