நாற்பத்தொரு இடங்கள்

ஐந்தாம் பதிப்பை நிறுவு என்றது திரை.
பழைய கோப்புகள் அப்படியே திறக்கும் என்று
கீழே பொடி எழுத்தில் ஒரு சத்தியம்.
நம்பினேன்.
நவம்பரில், மூன்றரை மணிக்கே இருட்டும் கோத்தன்பர்க்கில்
மனிதன் எதைத்தான் நம்பமாட்டான்.

யோர்டிஸ் வந்திருந்தாள்.
ட்ராமில் இருந்து இறங்கி நனைந்த கம்பளிக் குல்லாயை
ஹீட்டர் மேல் காயப்போட்டுவிட்டு
என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி இழுத்து உட்கார்ந்தாள்.
அவளுடைய முதல் ஆல்பம், பதினோரு வருடத்துக்கு முந்தியது,
வினைல் தட்டாக மறுபடி வருகிறது.
"குரலைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவா, டோர்க்கெல்.
அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.
திறந்தேன். டிரம்ஸ் வந்தது, பேஸ் வந்தது,
மழைநாளில் பதிந்த அந்தப் பியானோவும் வந்தது.
குரல் இருந்த வரிசையில் மட்டும்
சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி:
இது இரண்டாம் பதிப்பில் செய்யப்பட்டது.
செருகுநிரல் கிடைக்கவில்லை.
தவிர்த்துவிட்டுத் தொடரலாமா?

இல்லை என்று அழுத்தப் போன விரல்
பழக்கதோஷத்தில் ஆம் என்று அழுத்தியது.

பாடினாள்.
இரண்டாம் சரணத்தில் பாலம் என்ற சொல்.
மேலே ஏற வேண்டிய சுரம்
இருட்டில் படி தவறியவன் மாதிரி
கைப்பிடியைத் துழாவிக்கொண்டே போய்
கிடைக்காமல் உட்கார்ந்துவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான்.
பதினோரு வருடத்தில் சோறெல்லாம் தீர்ந்து
தட்டில் பூசணிக்காய் மட்டும்.

"யார் இது?"
"நீதான்."
"இன்னொரு முறை போடு."
போட்டேன்.
"எத்தனை இடத்தில்?"
நாக்கு நுனியில் மூன்று என்று ஒரு பொய் தயாராக இருந்தது.
"நாற்பத்தொன்று," என்றேன்.

ஒரு மார்ச் இரவு, நீ வீட்டுக்குப் போன பிறகு,
நூலளவு மேலே, அரை நூல் கீழே,
விடியும்வரை மவுஸைப் பிடித்துக்கொண்டு.
காலையில் கேட்டாய். கண் கலங்கினாய்.
நானா இப்படிப் பாடினேன் என்றாய்.
அதற்கப்புறம் சொல்வதற்கு
நல்ல நேரம் என்று ஒன்று வரவேயில்லை.

அவள் சிரித்தாள் என்று எழுத ஆசை.
சிரிக்கவில்லை.
ஈரக் கம்பளி வாசனை அறை முழுக்க.
விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மால்மோவில், உமெயோவில்,
அந்த நாசமாய்ப் போன படகுத் திருவிழாவில்,
எங்கே பாடினாலும் அந்தச் சொல் வரும்போது
வயிறு இறுகிவிடும் எனக்கு.
ஒருமுறை பிடித்தேனே, இப்போது ஏன் வரவில்லை என்று.
நான்கு வருடம் பயிற்சிக்குப் போனேன், டோர்க்கெல்,
பிடிக்கவே பிடிக்காத ஒன்றைத்
திரும்பப் பிடிப்பதற்கு."

தவிர்க்கலாமா என்று அந்தப் பெட்டி
கேட்டதோடு சரி. எனக்குத்தான் மூட வழி தெரியவில்லை.
"இப்போது வருகிறதா?" என்றேன்.

மைக் இருந்த அறைக்குப் போகவில்லை அவள்.
உட்கார்ந்த இடத்திலிருந்தே, தலை ஈரத்தோடு,
பாலம் என்று பாடினாள்.
அன்று நான் இழுத்து வைத்த புள்ளியில்
வந்து நின்றது. இல்லை,
ஒரு மயிரிழை மேலே.
திருத்தச் சொல்லிக் கை அரித்தது.
சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் வெறும் வேலை.
அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய கணினியைத் தூக்கி வந்தேன்.
இணையத்தின் முகத்தில் விழித்து எட்டு வருடம் ஆகிறது அதற்கு.
விசிறி இருமியது. இரண்டாம் பதிப்பு எழுந்தது.
நாற்பத்தொரு புள்ளியும் வைத்தது வைத்தபடி.
திருத்திய குரலை உருக்கி ஒரு ஃபைல்,
திருத்தாததை இன்னொன்று.
இனி ஐம்பதாம் பதிப்பு வந்தாலும் இரண்டும் பாடும்.
எதைத் தட்டில் ஏற்றுவது என்றேன்.
நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

காயாத குல்லாயை அப்படியே மாட்டிக்கொண்டு
கதவில் கை வைத்தவள் திரும்பினாள்.
"மாதம் எண்ணூறு க்ரோனர்.
நான்கு வருடத்துக்கு முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
பாதி உன் கணக்கில்."

அதைத்தான் எண்ணியிருக்கிறாள், விரல் விட்டு.